கரடிக்கு ஒரு ரூவா

— அப்பா, கையை விடுப்பா! அங்க பாரு, கரடிப்பா! ரெண்டு கால்ல நிக்குது!

— ஓடாத ரேணு! இந்தக் கூட்டத்துல நீ தொலைஞ்சா எந்த பஸ்ஸுல ஏறித் தேடுறது? ஏய் முருகு, ஒம்மகளைப் புடி. காரியாபட்டியில பஸ்ஸு நின்னப்ப ஆரம்பிச்ச குதி, இன்னும் நிக்கல.

— விடுங்க. ஏழு வயசுல குதிக்காம எப்பக் குதிப்பா? எனக்கே குதிக்கணும்போலத்தான் இருக்கு. அந்தா பாருங்க, முயலு! அதுக்குப் பின்னால தொப்பி போட்ட யானை! நீங்க காளிராஜைத் தோள்ல இருந்து எறக்கி விடுங்க. அவனும் பாக்கட்டும்.

— எறங்க மாட்டேங்குறான். மீசையைப் புடிச்சுத் தொங்குறான். வலிக்குதுடா எஞ்சாமி. இந்த மீசைக்கு நம்ம ஊர்ல எம்புட்டு மரியாதை தெரியுமா? அப்பான்னு ஒரு தடவை சொல்லு, மீசையையே ஒனக்குத் தாரேன்.

— மறுபடியும் ஆரம்பிச்சிட்டீகளா? காலையில மருதையில டாக்டரம்மா என்ன சொன்னாக? காது நல்லாக் கேக்குது, புத்தியும் நல்லா இருக்கு, சொல்லு சொல்லுன்னு புள்ளையை அரிக்காதீக, நாலு புள்ளைக வெளையாடுற எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்கன்னாக. அதுக்குத்தான இந்தப் பார்க்குக்கு வந்தோம்?

— நாலு வயசாகப் போவுது, முருகு. ஒத்த வார்த்தை வரல. ஊர்ல எவன் எதிர்ல வந்தாலும் 'மாமா சொல்லுடா'ங்குறான். புள்ள ஓடிவந்து எங்காலுக்குப் பின்னால ஒளியுறான். அப்ப எனக்கு எப்படி இருக்கும்?

— எனக்கு மட்டும் குளுகுளுன்னா இருக்கு? இன்னைக்கு ஒரு நாளைக்கு அந்தப் பேச்சு வேணாம். இந்தா, பாப்கார்னு புடிங்க.

— அம்மா! அம்மா! கரடிக்கு ஒரு ரூவா குடும்மா!

— கரடிக்கு எதுக்குடி ரூவா?

— வேசம் கட்டி வந்தா ரூவா போடணும்ல? நம்ம மாரியாத்தா பொங்கலுக்கு வேண்டிக்கிட்டவுக எல்லாம் வேசம் கட்டித் தட்டோட வீடு வீடா வருவாகள்ல, அது மாதிரி. இவுக பாவம்மா, தட்டை எங்கிட்டோ வச்சிட்டு வந்துட்டாக.

— அட என் தங்கமே! ஏங்க, கேட்டீகளா இவ பேச்சை? நேத்திக்கடன்னு நெனைச்சிட்டா!

— தாயி, இது பார்க்குக்காரவுக சம்பளம் குடுத்து வேசம் கட்டி நிறுத்தியிருக்குற கரடி. நீ பக்கத்துல போய் நின்னு போட்டோ எடுத்துக்க, அம்புட்டுத்தான்.

— நேத்திக்கடன் இல்லாம யாராச்சும் இந்த வெயில்ல கம்பளியைப் போத்திக்கிட்டு நிப்பாகளா? நீ சும்மா சொல்ற. போப்பா, நான் ஐஸுக்கு வச்சிருந்த காசையே போட்டுட்டேன். விபூதி குடுங்கன்னு கையை நீட்டினேன். இவுக வெறுங்கையை விரிச்சுக் காட்டுறாக.

— சுத்தி நிக்கிறவுக எல்லாம் சிரிக்கிறாக, முருகு. நீயும் சேந்து சிரிக்கிற.

— சிரிக்காம என்ன செய்ய? அதை விடுங்க, அந்தக் கரடியைப் பாத்தீகளா? காசை ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிச்சு. உள்ள இருக்குறவுக நம்ம பக்கத்து ஆளாத்தான் இருப்பாக. புள்ள மனசு கோணக்கூடாதுன்னு வாங்கிக்கிட்டாக.

— அம்மா, நான் கரடிகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். எம்பேரு ரேணுகாதேவி, எங்கப்பா மாரீஸ்வரன், எங்க தம்பி காளிராஜ் பேச மாட்டான், நீங்க ஆத்தாகிட்டச் சொல்லுங்கன்னேன். தலையை ஆட்டுச்சு. ஆனா அதுவும் பேச மாட்டேங்குதும்மா.

— பேசக் கூடாதுன்னு இங்க சட்டம் ரேணு. அந்தா, போர்டுல போட்டிருக்கு பாரு.

— அப்ப தம்பியும் கரடியும் சேக்காளி!

— ஏங்க, அம்மாம் பெரிய தலைக்குள்ள காத்து எப்படிப் போகும்?

— ஒனக்கு எதுக்கு அந்த ஆராய்ச்சி?

— சும்மாத்தான். கண்ணு எங்க இருக்கும்? அந்த வாய் வழியாத்தான் பாப்பாக போல. நடக்கையில காலு தட்டாதா? ஒயரம் கிட்டத்தட்ட ஒங்க ஒயரம்தான் இருக்கும், இல்ல? கொஞ்சம் பக்கத்துல போய் நில்லுங்க, பாப்போம்.

— ஏன், என்னையும் அவனையும் அளவெடுக்கப் போறியா? வேசம்னாலே எனக்கு ஆகாது முருகு, தெரிஞ்சுக்க. எங்க வீட்டு வாசலுக்கு வேசம் கட்டி வந்தவுகளுக்கெல்லாம் எங்க அய்யா காலத்துல இருந்து கம்பும் நெல்லும் அள்ளிப் போட்டிருக்கோம். எங்க வீட்டு ஆம்பளை எவனும் தட்டு ஏந்தினது கெடையாது. கெடா வெட்டுறியா, வெட்டு. பொங்க வைக்கிறியா, வையி. வேசப் பேச்சு மட்டும் எடுக்காத.

— நான் காத்து எப்படிப் போகும்னுதான கேட்டேன்? அதுக்கு ஏன் இம்புட்டு வேகமா வாரீக?

— நான் ஒண்ணும் வேகமா வரல.

— ஒங்களுக்குக் கொஞ்ச நாளா என்னமோ ஆகிருச்சு. போன வாரம் என்னோட அந்தப் பழைய பச்சைச் சேலையைப் பக்கத்து வீட்டு ஈஸ்வரி அக்காவுக்குக் குடுக்கலாம்னு எடுத்தா, வெடுக்குன்னு புடுங்கிப் பொட்டியில வச்சுப் பூட்டுறீக.

— நல்ல சேலை. கெடக்கட்டும்னு வச்சேன்.

— தோள்பட்டையில கிழிஞ்ச சேலை!

— அப்பா! தம்பியைப் பாருப்பா! நீ பேசிக்கிட்டு இருக்கைல அவன் எறங்கிட்டான்! கரடிகிட்டப் போறான்!

— டேய் காளி...

— கூப்பிடாதீக! அசையாதீக! ஆளுகளைக் கண்டாலே அலறுற புள்ள, தானாப் போறான். விட்டுப் பாருங்க.

— கரடி மண்டி போட்டு ஒக்காந்துருச்சு முருகு. இவன் அதோட மூக்கைத் தொடுறான். பயமே இல்ல பாரேன்!

— படப் புத்தகத்துலயும் கரடிப் பக்கத்தைத்தான் விடமாட்டான். அந்த ஒரு பக்கம் மட்டும் கிழிஞ்சே போச்சு.

— அம்மா, தம்பி பாப்கார்னை கரடி வாயில வைக்கிறான்! கரடி வயித்தைத் தடவுது! தம்பியும் சட்டையைத் தூக்கிட்டு வயித்தைத் தடவுறான்!

— நம்ம எல்லாரும் அவனைச் சொல்லு சொல்லுன்னோம்ங்க. இது ஒண்ணுமே சொல்லச் சொல்லல. அதான் போய் ஒட்டிக்கிட்டான். போனை எடுங்க, வீடியோ புடிங்க.

— நான் அவனைக் கண்ணாலயே பாக்கணும் முருகு. நீயே புடி.

— அய்யய்யோ, கரடி எந்திரிச்சிருச்சு! ஒரு அக்கா வந்து, நேரம் முடிஞ்சிருச்சுன்னு கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போறாக.

— அச்சச்சோ. காளி, டாட்டா காட்டு சாமி. அம்மாகிட்ட வா, வேற பொம்மை பாப்போம்.

— கடடி!

— யாருது? ரேணு, நீயா கத்துன?

— நான் இல்லப்பா! தம்பி! தம்பி கத்துறான்!

— கடடி! போவாத! வா!

— ஏங்க... ஏங்க!

— கேட்டேன் புள்ள, நானும் கேட்டேன்! ஒண்ணு இல்ல, மூணு வார்த்தை! கடடி, போவாத, வா! மூணு!

— அப்பா, கரடி திரும்பிருச்சு! அந்த அக்கா வையிறாக, அது கேக்கல, ஓடி வருது! அய், தம்பியைத் தூக்கித் தட்டாமாலை சுத்துது! தம்பி 'கடடி கடடி'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கான்!

— சொல்லட்டும்! அப்பான்னு மெதுவாச் சொல்லிக்கிடட்டும், எனக்கு இது போதும்! எம்புள்ள பேசிட்டான்! யோவ், கேட்டீகளாய்யா எல்லாரும், எம்புள்ள பேசிட்டான்!

— ஏங்க, அழுறீகளே. எல்லாரும் பாக்குறாக.

— பாத்தா பாக்கட்டும். நாலு வருசத்து அழுகை, ஒரே அடியா வருது. ஆத்தா, மாரியாத்தா, ஒனக்கு என்ன வேணாலும் செய்றேன் தாயி!

— என்ன வேணாலுமா?

— என்ன வேணாலும். எம்புள்ள மேல சத்தியம்.

— அப்ப இப்பவே சொல்லிர்றேன். கோவிக்கக் கூடாது. போன ஆடி வெள்ளியில நான் ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். எம்புள்ள வாயைத் தொறந்துட்டா, வர்ற பங்குனிப் பொங்கலுக்கு அவங்கப்பா கரடி வேசம் கட்டி ஏழு தெருவுக்கும் தட்டு ஏந்தி வருவாகன்னு. ஒங்களைக் கேக்காம ஒங்க பேர்ல வச்சது தப்புத்தான். அதான் வந்ததுல இருந்து காத்து எப்படிப் போகும், கண்ணு எங்க இருக்கும்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்.

— அப்பா கரடியா? அய்! நான்தான் தட்டுப் புடிப்பேன்! அப்பாவுக்கும் ஒரு ரூவா போடுவேன்!

— நீ சும்மா இரு ரேணு. ஏங்க, மொகத்தைத் திருப்பாதீக. வையிறதுன்னா வஞ்சிருங்க. இப்பத்தான் மகன் வாயைத் தொறந்தான், நீங்க மூடிக்கிட்டா நான் யாருகிட்டப் பேச?

— வையல முருகு. ஒரே பொங்கலுக்கு ரெண்டு வேசம் எப்படிக் கட்டுறதுன்னு யோசிக்கிறேன்.

— ரெண்டா? நான் கரடி மட்டும்தான வேண்டினேன்?

— அந்தப் பச்சைச் சேலையை எதுக்குப் பூட்டி வச்சிருக்கேன்னு நெனைச்ச? இவன் பேசினா, இந்த மீசையை வழிச்சிட்டு, ஒஞ்சேலையைக் கட்டி, பொம்பளை வேசத்துல தட்டு ஏந்துறேன்னு போன பங்குனியிலயே நான் ஆத்தாகிட்ட வேண்டிட்டேன்.