போர்கில்டின் நாற்காலிக்கு இடது கை குட்டை

போர்கில்ட் ரிம்ஸ்டாட் பேரை அந்த நாற்காலிலேருந்தே தூக்கிட்டாங்க அக்கா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழுல அந்தம்மா வரைஞ்ச நாற்காலி. மியூசியத்துல என்ன எழுதி வச்சிருந்தாங்க தெரியுமா? "வடிவமைத்தவர்: தெரியவில்லை." தெரியலையாம்... வரைபடத்து மூலைல கையெழுத்து இருக்கு, யாரோ கத்தியால சுரண்டியிருக்காங்க, ஆனாலும் பேரு லேசாத் தெரியுது. வேற யாரு, அந்த நாற்காலியைச் செஞ்ச ஃபேக்டரி முதலாளிதான். நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

நீங்க பின்னுங்க, பின்னுங்க. படகுல இத்தனை சீட்டு காலியா கெடக்க, முன்னப்பின்ன தெரியாதவங்க பக்கத்துல வந்து உக்காந்தா நம்மூர்ல பைத்தியம்னு நினைப்பாங்க, தெரியும். ஆனா இன்னிக்கு யார்கிட்டயாவது சொல்லலைன்னா வெடிச்சுடுவேன்.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், டென்மார்க்காரங்க. அவங்க ஒரு முக்காலி பண்ணாக்கூட உலகமே வரிசைல நிக்குது. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட நம்ம நாட்டாளுங்களும்தானே நாற்காலி பண்ணாங்க? நாம என்ன செஞ்சோம்? பழசாச்சுன்னு லீவுக்குப் போற மலைக்குடிலுக்குத் தூக்கிட்டுப் போய், அதுமேல ஈர சாக்ஸ் காயப்போட்டோம். உங்க குடில்லயும் ஒண்ணு இருக்கும், இல்லைன்னு சொல்லுங்க பாப்போம். பாத்தீங்களா, சிரிக்கிறீங்க.

அந்த நாற்காலியோட இடது கை, வலதைவிட ரெண்டு விரக்கடை குட்டை. அதைப் பத்தி மட்டும் என் ஆய்வுல எண்பத்தாறு பக்கம் எழுதியிருக்கேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்ங்கற ஆம்பளை அதிகாரத்துக்கு ஒரு பொண்ணு குடுத்த அடி... எங்க புரொபசர் ஸ்டைனார், "தப்பா அளந்திருப்பாங்களோ என்னவோ"ன்னார். ஒன்றரை மணி நேரம் சண்டை. நான்தான் ஜெயிச்சேன்.

அப்புறம் பேப்பருக்கு எழுதினேன். மியூசியம் வாசல்ல மழைல அட்டை பிடிச்சு நின்னேன். பணிஞ்சுட்டாங்க. நாளைக்குப் பெயர்ப்பலகை திறப்பு. மேயர் வர்றாங்க, வாஃபிள், பழுப்புச் சீஸ், எல்லாம் ஏற்பாடு. என் ஆய்வுக்கு மார்க் போடறவங்களும் முன்வரிசைல.

போர்கில்ட் உயிரோடதான் இருக்காங்க, தொண்ணூறு வயசு, ஒரு தீவுல. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் அவங்களுக்கு லெட்டர் போட்டேன். முன்னாடியே ஏன்... அப்படிப் பாக்காதீங்க அக்கா. இத்தனை ஆதாரம் இருக்கறப்ப அவங்களை எதுக்குக் கேக்கணும்னு நினைச்சேன்.

காலைல பதில் வந்துச்சு. ஊசியைக் கொஞ்சம் கீழ வைங்க, படிக்கறேன்.

"அன்புள்ள இங்கர்லிஸ், கையெழுத்தைச் சுரண்டியது நான்தான். இடது கையை வரைந்த அன்று என் அளவுகோலின் முனை உடைந்திருந்ததை மறந்துவிட்டேன். நாற்பது நாற்காலிகள் செய்து முடித்த பிறகுதான் தெரிந்தது. முதலாளி பாவம், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அறுபத்தெட்டு வருடம் நிம்மதியாக இருந்தேன். இப்போது பேப்பரில் போட்டுவிட்டாய். பரவாயில்லை, நாளைக்கு வருகிறேன். ரம்பம் கொண்டுவருவேன். வலது கையை வெட்டும்போது ஆடாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். நீயே பிடி."