மேட்டுக்கு ஏற்ற வண்டி

மேடும் பள்ளமுமான பெரிய நிலத்துக்குப் புல் வெட்டும் வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் இருக்கையை அமுக்கிப் பார்க்கிறார்கள். ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி என்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் பார்க்க வேண்டியது சக்கரங்களை. இதை எனக்குச் சொல்லித் தந்தவன் வண்டிக் கடை வைத்திருக்கும் ரேண்டல் ஸ்டம்பர். பொறுமையாகச் சொன்னான், எதையும் மறைக்கவில்லை. அதைப் பதிவு செய்யத்தான் ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து உன்னை வரச் சொன்னேன், வேட். காப்பி ஆறுவதற்குள் குடி. குடித்துக்கொண்டே எழுதலாம்.

அவன் கடைக்கு இப்போது யாரும் போவதில்லையாம். வயதானவருக்குத் தகாத வண்டியை விற்று ஆளைக் கொன்றுவிட்டான் என்கிறார்களாம். போன வாரம் நீ உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதான். கடையை விற்றுவிட்டு ஓஹையோ பக்கம் போய்விடப் போகிறானாம். அவனுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. என் பொருட்டு அவன் ஊரைவிட்டுப் போவது முறையல்ல.

எங்கள் நிலம் உனக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் ஆப்பிள் மரங்கள் வரை சமதளம். அதற்கப்புறம் ஓடை வரை ஒரே சரிவு. வர்ஜீனியாவிலிருந்து வரும் உறவினர்கள் அங்கே நிற்கவே பயப்படுவார்கள். பல வருடங்களாகப் பக்கத்துப் பண்ணைக்காரர்தான் வைக்கோலுக்காக அதை வெட்டிக்கொண்டு போனார். அவர் மகளுடன் வசிக்கப் போய்விட்டதால் புல் இடுப்பளவு வளர்ந்தது. இந்த வசந்தத்தில் ஒருநாள் என் கணவர் ஹோபர்ட் காலைச் சாப்பாட்டின்போது, தானே வெட்டிக்கொள்வதாகச் சொன்னார்.

“வண்டிய மட்டும் நீ போய்ப் பாத்து எடுத்துடு ஓர்ஃபா,” என்றார். “அந்தக் கடைக்குள்ள என்னால கால் வைக்க முடியாது.”

ஏன் முடியாது என்று நான் கேட்கவில்லை. எங்களிடம் முன்பு ஒரு வண்டி இருந்தது. பழைய காலத்து வண்டி.

ஹோபர்ட் கெட்டவர் இல்லை, அதையும் எழுதிக்கொள். குடிக்க மாட்டார். என்மேல் கை வைத்ததில்லை. சுரங்கத்தில் நிலக்கரி வண்டி ஓட்டிய காலத்திலும், வீட்டுக்கு வந்தால் கையைக் கழுவிவிட்டுத்தான் என்னைத் தொடுவார். பல வருடங்கள் அவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. அது எனக்குச் சரியாகவே பட்டது. இந்த வீட்டில் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பிறகு, இந்த வருடம் பனி உருகும் நேரத்தில், முகம் மழிக்கும்போது அவர் விசிலடிப்பது கேட்டது. ஒரு நாள் இல்லை, தினமும். தேவாலயத்தில் ஆண்களோடு சேர்ந்து பாடவும் தொடங்கினார். எல்லோருக்கும் மகிழ்ச்சி. உன் அம்மாகூட என் கையைப் பிடித்துக்கொண்டு, ஹோபர்ட் மீண்டுவிட்டார் என்று சொன்னாள்.

ஒருநாள் அவரே என்னிடம் சொன்னார். “இந்த வருஷம் அந்த ஆப்பிள் மரத்தப் பாத்தா மூச்சு முட்டல, ஓர்ஃபா. அது தப்பா?”

தப்பில்லை என்றேன்.

ரேண்டல் எனக்கு இரண்டு வண்டிகளைக் காட்டினான். ஒன்று தாழ்வானது. அகலமான சக்கரங்கள், நான்கிலும் இழுவை, தலைக்கு மேல் இரும்பு வளைவு, இடுப்புக்கு வார். கவிழ்ந்தாலும் ஆள் நசுங்க மாட்டார். இன்னொன்று, நின்ற இடத்திலேயே சுழலும் வண்டி. ஸ்டியரிங் கிடையாது, இரண்டு கைப்பிடிகள்தான். சமதளத்தில் அதைப் போல் வேகமாக எதுவும் வெட்டாது. சரிவுக்கு அதைத் தரவே மாட்டேன் என்றான்.

“முன்னாடி இருக்கறது சும்மா உருளுற சக்கரம்மா. பின்சக்கரம் வழுக்கிடுச்சுன்னா அவ்வளவுதான், நிறுத்தவும் முடியாது, திருப்பவும் முடியாது. அதுவும் ஈரப் புல்லுன்னா கேக்கவே வேணாம்.”

அதுவரை தாழ்வான வண்டியை வாங்குவதாகத்தான் இருந்தேன். இதை நீ நம்ப வேண்டும். கைப்பையைத் திறந்துவிட்டேன். அப்போது அவன் ஆசையாக இன்னொன்றையும் காட்டினான்.

“இப்பல்லாம் ரிவர்ஸ் எடுத்தா பிளேடு தானா நின்னுடும்மா. பின்னாடி சின்னப் புள்ளைங்க ஓடி வந்தாக்கூட பயமில்ல.”

அவனுக்குத் தெரியாது. அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. எங்கள் பழைய வண்டியில் அப்படி ஒன்றும் இல்லை. ஹோபர்ட் ஆப்பிள் மரத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் எடுத்தார். அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு வா என்று எங்கள் மகள் டெல்சியை அனுப்பியது நான்தான். அவளுக்கு நான்கு வயது. வண்டிச் சத்தத்தில் அவள் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. அடக்கத்தன்று எல்லோர் முன்னாலும் நான் அவரை மன்னித்தேன். போதகர் அதை உதாரணமாக வைத்துப் பிரசங்கமே செய்தார்.

எங்கள் நிலத்தில் பெரும்பகுதி சமதளம்தான், சுழலும் வண்டியே போதும் என்று ரேண்டலிடம் சொன்னேன். சரிவை வேறொருவர் வந்து வெட்டிக் கொடுக்கிறார் என்றேன். அவன் இரண்டு முறை கேட்டான், நான் இரண்டு முறையும் அதையே சொன்னேன். அந்த வண்டிக்கும் தலைக்கு மேல் வளைவு பொருத்தித் தருவதாகச் சொன்னான். ஆப்பிள் கிளைகளில் இடிக்கும், வேண்டாம் என்றேன். அவன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தான். பொய் சொன்னது நான்.

வண்டி வந்து இறங்கியபோது ஹோபர்ட் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முன்சக்கரத்தைக் காலால் தள்ளினார், அது தானாக உருண்டது. என்னைப் பார்த்தார். நல்ல நிறம் என்று மட்டும் சொன்னார்.

சில நாட்கள் சமதளத்தை மட்டும் வெட்டினார். அழகாக வெட்டினார். ஒரு காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால் சரிவையும் முடித்துவிடலாமே என்று நான்தான் சொன்னேன். பனித்துளி காயவில்லை என்று அவர் சொல்லவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது விசிலடிக்கவில்லை.

நான் சமையலறையில் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் சத்தம் ஒரே சீராகக் கேட்டது, பிறகு ஒரு மாதிரி இழுத்தது, பிறகு நின்றது. மிச்சமிருந்த பீன்ஸையும் உரித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அவர் உடனே இறந்துவிட்டதாக உங்கள் காகிதத்தில் இருக்கிறது. அப்படி இல்லை. வண்டி ஓடைக்குள் தலைகீழாகக் கிடந்தது, அவர் நெஞ்சு வரை அதன் அடியில். முகம் தண்ணீருக்கு மேலேதான் இருந்தது. நான் ஓடைக்குள் இறங்கி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அவருக்கு நல்ல நினைவு இருந்தது.

“வண்டிய எறக்கும்போதே தெரியும்,” என்றார். “சரிவப் பத்தி எனக்குத் தெரியாதா, ஓர்ஃபா.”

பேச வேண்டாம் என்றேன். நெற்றியைத் துடைத்துவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

“இப்போ சரியாப் போச்சா?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. பதில் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். அப்புறமும் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், ரொம்ப நேரம்.

இத்தனை வருடங்களும் இந்தச் சமையலறையில் டெல்சியின் குரல் எனக்குக் கேட்கும். அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து நிற்பாள், பிஸ்கட் கேட்பாள். நான் திரும்ப மாட்டேன், திரும்பினால் போய்விடுவாள் என்று தெரியும். அந்தக் காலைக்குப் பிறகு அவள் வரவேயில்லை. குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறேன், வருவதில்லை. எனக்குப் பின்னால் இப்போது நிற்பது அவர். கேட்டதையே கேட்கிறார், கோபமில்லாமல், பதில் வருமென்று நம்புகிறவர் மாதிரி.

ரேண்டலுக்கு நீயே போய்ச் சொல்லிவிடு. நான் சொன்னால் என்மேல் இரக்கப்படுவான், நம்ப மாட்டான்.

என்னைப் பற்றி ஊர் என்ன நினைத்தாலும், நான் அவரைத் தனியாக விடவில்லை. கடைசி மூச்சு வரை கூடவே உட்கார்ந்திருந்தேன். எத்தனை மனைவிகளுக்கு அது வாய்க்கும். ஆம்புலன்ஸுக்கு ஏன் தாமதமாகச் சொன்னேன் என்று அன்றைக்கே நீ கேட்டாய், வீட்டுக்கு ஏறி வந்து போன் செய்ய நேரமாகிவிட்டது என்றேன். அதை மாற்றி எழுதிக்கொள், தம்பி. போன் என் ஏப்ரன் பையிலேயேதான் இருந்தது. ஓடைத் தண்ணீர் பட்டுவிடக் கூடாதே என்று, அவர் முடியைக் கோதிக்கொண்டிருந்த நேரமெல்லாம், இன்னொரு கையால் அதைப் பொத்திப் பிடித்திருந்தேன்.