புடி

பேட்டரி காரில் சத்தம் வராது. அதனாலேயே எனக்கு அதன்மேல் பிரியம் உண்டு. 2006இல் என் கணவர் ரத்தினவேல் பெங்களூரில் அதைப் பழையதாக வாங்கினார். ஓசூர் பாகலூர் ரோட்டுப் பள்ளங்களில் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் போய்விட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் அவரே மாற்ற உட்கார்ந்தார். நான் பி.எஸ்சி. இயற்பியல். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன்.

அன்று காலை ஒரு போன் வந்தது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் லேபுக்கு நான் தேர்வாகியிருந்தேன். மறுநாள் சேர வேண்டும். போனை அவர் எடுத்தார்.

"அவ வாயே தொறக்க மாட்டா சார். வேற ஆளப் பாருங்க."

வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏட்டி, நான் சொன்னது தப்புன்னா தப்புன்னு சொல்லு பாப்போம்."

நான் பதினான்காம் நம்பர் ஸ்பேனரைக் கொடுத்தேன்.

இடது சக்கரத்தைக் கழற்றியதும் ஜாக்கியில் ஆயில் கசிந்து வண்டி இறங்கத் தொடங்கியது. கல்லின்மேல் சவுக்குக் கம்பைக் கொடுத்து வண்டியை நெம்பினார். கம்பின் நுனியை என்னிடம் தந்துவிட்டு அடியில் படுத்தார். பேட்டரிகள் மட்டுமே இருநூற்றைம்பது கிலோ. ஆனால் கம்பு நீளம். இருபது கிலோ அழுத்தம் போதும். எனக்கு அது பாரமில்லை.

"போல்ட்டு ஏறுது. தூங்கிராத. புடி."

விட்டேன். வண்டி அவர் நெஞ்சின்மேல் இறங்கியது. அதிகம் சத்தம் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் மதுரைக்காரர். என் பிறந்த வீட்டில் கன்னடம், கணவருக்குத் தமிழ். அப்பா நாராயணப்பன்தான் அவருக்கு விளக்கினார்: "எங்க பாஷையில புடின்னா விடறது சார். மாப்பிள்ளை ரெண்டையும் கலந்து பேசுவாரு. புள்ளைக்குப் பதட்டத்துல எதுன்னு தெரியல."

நான் தலையசைத்தேன். இந்தப் பக்கத்தில் தினமும் நடக்கிற குழப்பம்தான். யாரும் சந்தேகப்படவில்லை. பதினாறாம் நாள் முடிந்து வேலையில் சேர்ந்தேன். இரக்கப்பட்டு இடத்தை வைத்திருந்தார்கள்.

நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கன்னடத்தில் புடி என்றால் 'விடுங்கள்'. மரியாதைச் சொல். 'விடு' என்பதற்குப் புடு. அவர் என்னிடம் கன்னடம் பேசினால் புடு, பா, ஹோகு என்று, விடு, வா, போ என்கிற ஒருமையில்தான் பேசுவார். அன்று அவர் சொன்னது தமிழ். பிடிக்கத்தான் சொன்னார். எனக்குத் தெரியும்.

ஆனால் அவர் ஒரு முறை மரியாதையாகக் கேட்டால், எதுவானாலும் செய்துவிட வேண்டும் என்று கல்யாணமான மூன்று வருடமாக நினைத்திருந்தேன். அப்படிக் கேட்டதாக எடுத்துக்கொண்டேன். கேட்டதைச் செய்தேன்.