அவுகளும் மூணும் சேந்தா எட்டு

அவையின் தலைவராய் அமர்ந்திருக்கும், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா முத்துலிங்கம் அவர்களே, ஆன்றோர்களே, தேயிலைக் கொழுந்து கிள்ளிய கையோடு குழந்தையையும் இடுப்பில் ஏந்தி வந்து விடிகாலையில் வேலைக்குப் பேர் பதியும் இந்தப் பெரட்டுக்களத்தை நிறைத்திருக்கும் தாய்மார்களே, தூணில் சாய்ந்தபடி 'இந்த டீச்சரம்மா எப்போது முடிப்பார்' என்று பார்த்திருக்கும் தந்தைமார்களே! கலைமகளைக் கொண்டாடும் இந்த மாலையில் உங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியை சரோஜாதேவியின் அன்பு வணக்கம்.

அட்சரகணிதம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்தப் பெயரைச் சொன்னதுமே பின்வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார். உட்காருங்கள் ஐயா, சுண்டல் கடைசியில்தான் கொடுப்பார்கள்.

அதோ, மூடுபனி மெல்ல இறங்குகிறது. மேல்மலை மறைகிறது, மரம் மறைகிறது, மலைப்பாதை மறைகிறது. மறைந்ததால் மலை இல்லையா? அதன் மடியில் ஓடை ஓடவில்லையா? இருக்கிறது, பனிக்குள்ளே கனவுபோல் இருக்கிறது. எண்ணும் அப்படித்தான். எங்கோ ஓர் எண் மறைந்து நின்று, 'என்னைக் கண்டுபிடி' என்று காத்திருக்கிறது. அது யாரென்று தெரியும்வரை அதற்கு ஒரு பெயரோ ஓர் எழுத்தோ வைத்து அழைக்கிறோம். அவ்வளவுதான் அட்சரகணிதம். இதில் அஞ்ச என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துகிறேன் அல்லவா? முதல் நாள் கரும்பலகையில் 'க' என்று எழுதப் போனேன். பழைய தமிழ் இலக்கம் படித்தவர்கள் அதை ஒன்று என்று வாசிப்பார்களே என்று கையை இழுத்துக்கொண்டேன். எழுத்து எதற்கு, மறைந்திருக்கும் எண்ணுக்கு மனிதப் பெயரே வைப்போம் என்று வாயில் வந்த பெயரை எழுதினேன். 'நல்லமுத்துவும் மூன்றும் சேர்ந்தால் எட்டு. நல்லமுத்து எத்தனை?' வாசிக்கச் சொல்லி நாகலெட்சுமியை எழுப்பினேன்.

அவள் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். முந்தானை வாயை மூடியது, முகம் சிவந்தது. பக்கத்திலிருந்த காளியாயிதான் சொன்னாள்: "டீச்சரம்மா, அது அவ வீட்டுக்காரரு பேருங்க. அவ எப்புடிங்க வாயால சொல்லுவா?"

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில வாரமே ஆனவளுக்கு யார் வீட்டுக்காரர் யாரென்று எப்படித் தெரியும்? "சரி, உனக்கு வருகிற மாதிரி சொல்" என்றேன். அவள் பலகையைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "அவுகளும் மூணும் சேந்தா எட்டு."

தாய்மார்களே, எனக்கு மெய் சிலிர்த்தது. பெயரைச் சொல்லாமலே ஒருவரைச் சொல்லிவிடும் வித்தையை நீங்கள் வாழ்நாளெல்லாம் செய்கிறீர்களே. 'அவுக' என்றால் யாரென்று வீட்டுக்குத் தெரியாதா? வரிசை வீடுகள் நிறைந்த லயத்துக்குத் தெரியாதா? அந்த 'அவுக' நிற்கும் இடத்தில்தான் அட்சரகணிதம் ஓர் எழுத்தை நிறுத்துகிறது.

பிறகு கடைத் தராசைக் காட்டினேன். இந்தத் தட்டில் அவுகளும் மூன்றும். அந்தத் தட்டில் எட்டு. முள் நடுவில் நிற்கிறது. இங்கே மூன்றை எடுத்தால் என்ன செய்ய வேண்டும்? "அங்கிட்டும் மூணத் தூக்கணுங்க. இல்லாட்டி சாஞ்சிரும்" என்றாள் நாகலெட்சுமி. தூக்கினாள். இங்கே அவுக மட்டும், அங்கே ஐந்து. "அப்ப அவுக அஞ்சுங்க" என்றாள். வகுப்பே கைதட்டியது.

அந்தக் கைதட்டல்தான் வினையாயிற்று. மறுநாள் மலையில், கடையில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் எல்லாம் "அஞ்சு வர்றாரு, வழி விடுங்க" என்று நல்லமுத்துவைக் கேலி செய்திருக்கிறீர்கள். மனிதர் கூசிப்போனார். "இனி ஞாயித்துக்கெழம வெறகு பொறக்கப் போ, படிச்சது போதும்" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து நாகலெட்சுமி வகுப்புக்கு வரவில்லை.

அவள் எதற்காகப் படிக்கிறாள் என்று தெரியுமா? தோட்ட ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சி வேலை பழக ஆள் எடுக்கிறார்கள். அடுத்த மாதம் அட்டன் நகரத்தில் பரீட்சை. அதில் அட்சரகணிதமும் உண்டு. மேல்லயத்தில் வலி கண்டால், மழைக்குள் டோலி கட்டித் தூக்கி வருவதற்குள் என்ன ஆகிறதென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? எந்தத் தாய்க்குத் தெரியாது? எந்தத் தகப்பன் அழுததில்லை?

தலைவர் அவர்களே, தங்கள் அனுமதியோடு நல்லமுத்துவிடம் இரண்டு வார்த்தை. ஐயா, அந்தக் கணக்கில்தான் நீங்கள் ஐந்து. அடுத்த கணக்கில் பத்தாவீர்கள், அதற்கடுத்ததில் ஆயிரமாவீர்கள். எழுத்துக்குள் எந்த எண்ணும் உறங்கலாம். ஒரு பெண்ணுக்குள் எந்தக் கனவும் உறங்கலாம். அதை எழுப்பாமல் விட நமக்கு மனம் வருமா? உங்கள் பெயர்தான் இடைஞ்சல் என்றால் இன்றைக்கே மாற்றிவிடுகிறேன். நல்லமுத்து என்று எழுதாமல் ம என்று எழுதுகிறேன். அவளை மட்டும் அனுப்புங்கள்.

என்னய்யா? எழுந்து நின்று சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

"வெறகுக்கு நான் போறேங்க, டீச்சரம்மா. அவ வரட்டும். பேர மட்டும் மாத்திராதீங்க."

கேட்டீர்களா, தாய்மார்களே? இதற்குமேல் நான் பேச ஒன்றுமில்லை. பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், தூங்காமல் இருந்த குழந்தைகளுக்கும் நன்றி. வரும் ஞாயிறு காலை, நல்லமுத்து பலகையில் காத்திருப்பார். வணக்கம்.