துடைத்துப் பார்க்கும் துணி

டீ வேண்டாம் ஐயா, தண்ணீர் போதும். கையில் பெட்ரோல் வாடை ஏறிவிட்டால் டீயும் பெட்ரோலாகத்தான் தொண்டையில் இறங்கும். இத்தனை வருஷத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நான் டீ குடித்ததே இல்லை. அண்ணன் குடிப்பார். ஒர்க்‌ஷாப் அவருடையது, அவர் கையில் அழுக்குப் படாது.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அது பல் டாக்டரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம். இன்ஜின் முன்னால் கிடையாது. உட்காருகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். டேங்க்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் கொண்டுபோகிற ரப்பர் ஓஸ்களுக்கு வயதாகிவிட்டது. ரப்பருக்கு வயதாவது பார்த்தால் தெரியாது. மேலே கன்னங்கரேலென்று நன்றாகத்தான் இருக்கும். கழற்றி வளைத்தால் பித்தவெடிப்பு மாதிரி வாயைப் பிளக்கும். எல்லாவற்றையும் மாற்றச் சொல்லி டாக்டர் வண்டியை விட்டுப் போனார்.

மாற்றினேன். டேங்க்கை வடித்தேன். பழைய ஓஸை வைத்து அளவு பார்த்துப் புதியதை வெட்டினேன். கிளிப் போட்டு முறுக்கினேன். அதிகம் முறுக்கினால் கிளிப் ரப்பரை அறுத்துவிடும், குறைத்தால் கசியும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அது என் மணிக்கட்டுக்குத் தெரியும்.

அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. சுவரில் ஆணியில் ஒரு வெள்ளைத் துணி தொங்கும். வண்டி வெளியே போகும் முன் இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு ஓஸாக அந்தத் துணியால் துடைத்து மோந்து பார்ப்பார். எப்போதோ ஒரு கிளிப்பை நான் முறுக்க மறந்துபோனேன். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, தரையில் கொஞ்சம் பெட்ரோல் சொட்டியது. அன்றைக்கு வந்த துணி அது. மற்ற மெக்கானிக்குகளின் வேலையை அவர் துடைப்பதில்லை. என் வேலையை மட்டும்தான்.

டாக்டரிடமும் சொன்னார். "கவலைப்படாதீங்க டாக்டர். என் தம்பிக்குக் கைவேலை சுத்தம், மறதிதான் ஜாஸ்தி. கல்யாணம் பண்ணிக்கவே மறந்துட்டான்னா பாத்துக்கோங்களேன். நான் துடைச்சுப் பாத்துத்தான் வெளிய விடுவேன்."

டாக்டர் சிரித்தார். பக்கத்து வண்டிக்கு அடியில் படுத்திருந்தவனும் சிரித்தான், கால் மட்டும் ஆடியது. நானும் சிரித்து வைத்தேன்.

வேலை முடிந்த பிறகு, கழற்றிப் போட்ட பழைய ஓஸ்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தேன். அதிகமாகப் பிளந்ததை எடுத்து, புதியதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டினேன். சூடேறும் புகைக்குழாய்க்கு நேர் மேலே வருகிற ஓஸ். கிளிப்பை ஒழுங்காகவே முறுக்கினேன். அதில் குறை சொல்ல முடியாது.

கொல்ல நினைத்துச் செய்யவில்லை. துடைக்கிறாரே துடைக்கிறாரே, அந்தத் துணிக்கு உண்மையில் ஏதாவது தெரியுமா என்று பார்க்க நினைத்தேன். இன்ஜின் ஓடினால் அந்த ஓஸ் லேசாக வியர்க்கும். கண்டுபிடித்தால் திட்டு வாங்கிக்கொள்வேன். கண்டுபிடிக்காவிட்டால் நானே காட்டி, இனிமேல் துணியை எடுக்காதீர்கள் அண்ணா என்று சொல்வேன். அவ்வளவுதான் என் எண்ணம்.

அண்ணி வீட்டுச் சாவி வாங்க வந்திருந்தார். அண்ணன் வண்டியைக் கிளப்பிவிட்டு ஆணிப் பக்கம் கையை நீட்டினார். துணி இல்லை. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார், கதவுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு வந்து என் தோளில் தட்டினார்.

"சரி விடு. எத்தனை நாளைக்குத்தான் உன்னைத் துடைச்சுக்கிட்டே இருக்கிறது. நீ பாத்தா போதும்டா."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஐயா அத்தனை வருஷமும் அங்கே கிடந்தேன். வந்தது. வந்த நேரத்தில் பழைய ஓஸ் உள்ளே இருந்தது. அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் அந்த வார்த்தையை அவர் திரும்ப எடுத்துக்கொள்வார். வெட்கமாக இருந்தது. வேறு காரணம் இல்லை.

அண்ணன் அண்ணியைக் கூப்பிட்டார். "ஏறு, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். இதுமாதிரி வண்டியில நீ எப்ப ஏறப் போற?"

"இதுல ஏறுறதா, உருண்டு விழறதா? தரையோட தரையா இருக்கே," என்றார் அண்ணி. என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, நம்பி உக்காரலாமா?"

"நான் பாத்த வண்டி அண்ணி. தைரியமா போங்க."

அண்ணி பக்கத்துக் கதவு லேசில் சாத்த வராது. நான்தான் அழுத்திச் சாத்தினேன்.

பாலம் ஏறுகிற இடத்தில் தீப்பிடித்தது. அண்ணி பக்கத்துக் கதவைத் திறக்க முடிந்தது. அண்ணன் பக்கம் முடியவில்லை.

இன்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அண்ணிக்கு முகத்தில் பாதி கட்டு. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "மறந்திருப்ப. அவர்தான் எப்பவும் சொல்லுவாரே. வேணும்னா செஞ்ச? எனக்கு உன்மேல கோபமில்ல தம்பி, போய்ச் சாப்பிடு."

அந்த மன்னிப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியவில்லை. நேராக இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன். அண்ணி முகத்தை இனி நிமிர்ந்து பார்க்க மாட்டேன். என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் மறதி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் எதையும் மறக்கவில்லை.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். வழக்கம்போல அண்ணன் ஒரே ஒரு தடவை துடைத்திருந்தால் நான் பிடிபட்டிருப்பேன், அவர் இருந்திருப்பார். அன்றைக்கென்று பார்த்துத் துடைக்காமல் விட்டுவிட்டார். பாதித் தப்பு அவருடையதுதான்.

துணியா? அது என் சட்டைக்குள் இருந்தது. ஓஸை மாட்டியதுமே ஆணியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். துவைக்கலாம் என்றுதான் எடுத்தேன்.

இதோ. இன்னும் துவைக்கவில்லை.