பதினெட்டு மிதி

— பதினெட்டா? எண்ணுனியா?

— எண்ணிக்கிட்டேதாண்ணே மிதிச்சேன். பத்தொம்பதாவதுலதான் கெளம்புச்சு.

— அன்னவாசல்லருந்து கீரனூர் வரைக்கும் நிப்பாட்டாமயா வந்த?

— நிப்பாட்டுனா மறுபடி யாரு மிதிக்கிறது? நார்த்தாமலைக்கிட்ட ஒரு ஆட்டுமந்தை குறுக்க விழுந்துச்சு. அம்புட்டு ஆடும் தாண்டுற வரைக்கும் முறுக்கிப் புடிச்சுக்கிட்டே நின்னேன். ஆட்டுக்காரரு வையிறாரு...

— வைவாருல்ல. சரி, ஒன் பேரென்ன சொன்ன?

— ரத்தினவேலுண்ணே.

— ரத்தினவேலு. இது பட்டாளத்து மோட்டார் சைக்கிளுப்பா. வெள்ளைக்காரன் காலத்துல சண்டை நடந்தப்ப அஸ்ஸாம்ல நான் இந்த வண்டியவெல்லாம் கண்ணைக் கட்டிக்கிட்டுப் பிரிச்சு மாட்டுவேன். ஒனக்கு எங்க கெடச்சுச்சு?

— திருச்சியில. ஏலத்துல எடுத்தவருகிட்டருந்து வாங்குனேன்.

— அது சரி... மட்காட்டைக் காணோம், லைட்டைக் காணோம். சைலன்சரை எதுக்கு இம்புட்டு மேல தூக்கிக் கட்டியிருக்க? மொட்டையடிச்சுக் காது குத்துன புள்ள மாதிரி இருக்கு.

— ட்ரையலுக்குண்ணே.

— ட்ரையலா? எந்தக் கோர்ட்டுல?

— ஐயோ அண்ணே... போட்டிண்ணே. திருச்சியில நடத்துறாங்க. வேகமெல்லாம் கெடையாது. பாறை மேல, ஓடைக்குள்ள, மணல்ல மெதுவா ஏத்தி எறக்கணும். கால் தரையில படக்கூடாது. ஒரு தடவை ஊணுனா ஒரு மார்க்கு போச்சு. வண்டி நின்னுபோச்சுன்னா அஞ்சு போச்சு.

— சைலன்சர் பாறையில இடிக்கும்னு மேல தூக்கிட்ட. வெவரந்தான். போட்டி எப்ப?

— வர்ற ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த ஞாயிறு.

— ஜெயிச்சிருக்கியா?

— போன வருசம் ரெண்டாவதுண்ணே. மொதல்ல வந்தவரு ரயில்வேக்காரரு. இந்த வருசம் அவரை விடுறதில்லன்னு...

— சரி சரி. பிளக்கு மாத்துனியா?

— மாத்தியாச்சு.

— கரண்டு குடுக்குற மேக்னட்டோ?

— கழட்டிச் சுத்தம் பண்ணி, பாயிண்டு கேப்பும் பாத்தாச்சு.

— பெட்ரோல்ல தண்ணி கிண்ணி...

— டாங்கியக் கழுவி வெயில்ல காய வச்சேண்ணே. துணியில வடிகட்டித்தான் ஊத்துனேன்.

— எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் இந்த அருள்சாமிகிட்ட வந்தியா? என்னைய என்னதான் பாக்கச் சொல்ற?

— நீங்க ஒரு தடவை பாத்துட்டா நல்லதுண்ணே.

— பிளக்கைக் கழட்டு. ஒயரோட சேத்து எஞ்சின் மேல படுக்க வையி. நான் கிக்கரை மிதிக்கிறேன், நெருப்பு வருதான்னு பாரு... என்ன?

— வருதுண்ணே. நீலமா வருது.

— நீலமா வந்தா கரண்டுல குத்தமில்ல. மாட்டு. கார்பரேட்டர்ல அந்தப் பொத்தானை அமுக்கு. பெட்ரோல் கசியுதா? போதும், போதும்... தள்ளி நில்லு.

— அண்ணே...

— என்ன அண்ணே? பாத்தியா? ஒரே மிதி.

— சூடா இருந்துச்சுல்ல... அதனால கெளம்பியிருக்கும்.

— அப்படிங்கிற. சரி, அமத்திடுறேன். ஆறட்டும். வா, எதுத்தாப்புல போயி டீ குடிச்சுட்டு வருவோம்.

— இல்லண்ணே, நான் இங்கயே...

— அட வாப்பா.

— டீ நல்லா இருந்துச்சுண்ணே.

— ம்... அரை மணி நேரம் ஆயிருச்சு. இப்ப எஞ்சினைத் தொட்டுப் பாரு.

— ஆறிருச்சு.

— நான் மிதிக்கிறேன்... இந்தா. கெளம்பிருச்சா? ஆறுனதும் ஒரே மிதிதான். அமத்திட்டேன். இனி நீ மிதி.

— நானா?

— வண்டி ஒன்னுதுதானே?

— ம்... மிதிக்கிறேன்.

— கிக்கரை மெதுவா எறக்கி, எங்க இறுகுதுன்னு பாத்துக்க. ஆங்... இப்ப மிதி. ஒண்ணு... ஏம்ப்பா பாதியில விடுற? அடி வரைக்கும் அமுக்கு. ரெண்டு... கால் வழுக்குது பாரு. மூணு... நாலு... நிறுத்து. நிறுத்துப்பா.

— செருப்பு புதுசுண்ணே. அதான் வழுக்குது.

— எந்தச் செருப்பு?

— இந்தா கால்ல...

— அந்தா கெடக்கு பாரு. ரெண்டாவது மிதியிலேயே கழண்டு விழுந்துருச்சு. தெரியலையா?

— கவனிக்கலண்ணே.

— வெறுங்காலால இரும்பை மிதிச்சுக்கிட்டிருக்க. கவனிக்கலங்கிற.

— வண்டி மேலயே ஞாபகம்...

— இங்கிட்டு வா. இந்த ஸ்டூல்ல ஒக்காரு. வேட்டியக் கொஞ்சம் தூக்கு.

— எதுக்குண்ணே?

— தூக்கப்பா. நான் என்ன பொண்ணா பாக்குறேன்... இது என்ன, கெண்டைக்கால்ல?

— அது... சைலன்சர் பட்டுருச்சு.

— எப்ப?

— நாலஞ்சு நாளாச்சு.

— தோலு வெந்து தொங்குது. எண்ணெய் கூடத் தடவலையா? எரியல?

— அம்புட்டா எரியல.

— அம்புட்டா எரியலையா, எரியவே இல்லையா? சுட்டதும் காலை எடுத்தியா?

— வாடை வந்துச்சுண்ணே. என்னடா கருகுதுன்னு குனிஞ்சு பாத்தேன். அப்பத்தான்...

— சரி. ரெண்டு குதிகாலையும் தரையில ஊணு. முன்பாதத்தை மேல தூக்கு. எடது காலைத் தூக்கிட்ட. வலது?

— தூக்கியிருக்கேண்ணே.

— தூக்கல. அது தரையிலதான் கெடக்கு.

— ...கொஞ்ச நாளா அப்படித்தான் இருக்கு.

— கண்ணை மூடு.

— என்ன பண்ணப் போறீங்க?

— ஒண்ணும் பண்ண மாட்டேன். இது எண்ணெய் தொடைக்கிற பஞ்சுநூலு. தொடுறப்பச் சொல்லு. பாக்காத.

— ம்... இங்க. மொழங்கால்ல.

— இப்ப?

— இன்னும் தொடலையே?

— இப்ப?

— தொடுங்கண்ணே.

— தொட்டுட்டேன் தம்பி. மூணு எடத்துல. கண்ணைத் தொற. படை எதுவும் இருக்கா ஒடம்புல? வெளுத்துப்போயி, வேர்க்காம?

— தொடையில ஒண்ணு. முதுகுல ஒண்ணு இருக்குன்னு ஆத்தா சொன்னுச்சு. தேமல்னு நெனச்சு மஞ்சள் தேச்சுவிட்டுச்சு.

— எத்தனை நாளா?

— ஒரு வருசம் இருக்கும்.

— பாறையில ஏத்துறப்ப இந்தக் கால் எப்படி இருக்கு?

— அதைக் கேக்காதீங்கண்ணே.

— கேட்டுட்டேனே. சொல்லு.

— நல்லதம்பின்னு என் கூட்டாளி ஒருத்தன். பழகுறப்ப அவந்தான் நின்னு மார்க்குப் போடுவான். போன வாரம் ஏறி முடிச்சு வந்து நிக்கிறேன், மூணு தடவை கால் ஊணிட்டேங்கிறான். நான் ஊணவே இல்லண்ணே! சத்தியமா ஊணல. அவன் மண்ணுல தடத்தைக் காட்டுறான், பொய் சொல்றியேடாங்கிறான்... அறைஞ்சுட்டேன்.

— நல்லதம்பியவா?

— ஒண்ணாங்கிளாஸ்லருந்து ஒண்ணா இருக்கோம். எட்டு நாளாப் பேச்சு இல்ல.

— அவன் சொன்னது நெசந்தான்.

— தெரியும்ணே... மறுநாள் தனியாப் போயி தடத்தைப் பாத்தேன். என் செருப்புத்தான்.

— ம்.

— சொல்லுங்கண்ணே. வாயில வச்சுக்கிட்டே இருக்கீங்க.

— இது பெருவியாதி மாதிரி இருக்குப்பா, குஷ்டம். நான் டாக்டர் இல்ல. டாக்டர் பாத்துத்தான் சொல்லணும். ஆனா வண்டியில கோளாறு இல்ல. அழுகணும்னா அழுது முடிச்சுரு. இங்கிட்டு யாரும் வர மாட்டாக.

— அழுகலண்ணே. தங்கச்சிக்கு வைகாசியில கல்யாணம் வச்சிருக்கு. மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா வருவாங்களா? ஊருக்குள்ள தெரிஞ்சா எங்க கிணத்துல தண்ணி மொள்ளுவாங்களா?

— ஊருக்கு ஏன் தெரியணும்? கால்ல நரம்பு இழுத்திருக்குன்னு சொல்லு. நெசமும் அதுதான், நரம்புதான். விராலிமலை ரோட்டுல ஒரு டாக்டர் வியாழக்கெழமை வியாழக்கெழமை வர்றாரு. முந்தி நீரடிமுத்து எண்ணெய்ய ஊசியில ஏத்துவாக, புட்டமெல்லாம் புண்ணாப் போகும். இப்ப அதெல்லாம் இல்ல. மாத்திரைதான். வாராவாரம் வாங்கிக்கிட்டு வந்து முழுங்க வேண்டியதுதான்.

— கேக்குமா?

— கேக்கும். வருசக்கணக்கா முழுங்கணும், நடுவுல விடப்படாது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு நாலு வருசமா முழுங்குறாரு. வேலை பாக்குறாரு, புள்ளகுட்டியோட இருக்காரு, கோயிலுக்குப் போறாரு. பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது.

— அவருக்கும் காலா?

— கையி. ரெண்டு வெரல்ல சொரணை போயிருச்சு.

— அது திரும்பி வந்துச்சா?

— அந்த ரெண்டு வெரலுக்கு வரல. பொய் சொல்ல மாட்டேன். ஆனா மூணாவது வெரலுக்குப் போகாம அங்கனயே நின்னுச்சு. ஒனக்கு ஒரு வருசந்தானே ஆகுது. சீக்கிரம் போனா எவ்வளவோ மிஞ்சும்.

— அப்ப ட்ரையலு?

— கால் எங்க இருக்குன்னே தெரியாம பாறையில ஏறுவியா? கால் மாட்டி முறிஞ்சாக்கூட, வாடை வந்தாத்தான் குனிஞ்சு பாப்ப.

— ஒரு வருசமாப் பழகிட்டேண்ணே...

— அடுத்த வருசமும் திருச்சி அங்கயேதான் இருக்கும். அந்த ரயில்வேக்காரரும் எங்கயும் போயிற மாட்டாரு. இந்த வருசம் வேணாம். மொதல்ல அந்தச் சைலன்சருக்கு மேல ஒரு தகடு அடிச்சுத் தாரேன், கால் படாம இருக்கும். கிக்கர்ல குதிகாலுக்கு ஒரு தடுப்பு வச்சுப் பத்தவைக்கிறேன், வழுக்காது. தெனமும் ராத்திரி காலை வெளக்கு வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாக்கணும். முள்ளு குத்தியிருக்கா, வெந்திருக்கான்னு. கால் சொல்லாது, நீதான் பாக்கணும்.

— அந்த ஒருத்தரும் அப்படித்தான் பாப்பாரா?

— யாரு... ஆங், அவரா? பாப்பாரு, பாப்பாரு. கையத்தான்.

— நல்லதம்பிகிட்ட என்னண்ணே சொல்றது?

— நீ சொன்னதுதான் சரிடான்னு சொல்லு. அதுக்கு மேல சொல்றதும் சொல்லாததும் ஒன் இஷ்டம்.

— அவன்கிட்ட சொல்லிருவேன்.

— சரி, சொல்லு. வியாழக்கெழமை விடியக்காலையில இங்க வந்துரு. வண்டி வேணாம், பஸ்ஸுல வா. அந்த டாக்டர் இருக்குற பக்கம் எனக்கும் ஒரு லாரி பாக்குற வேலை இருக்கு. கூடவே வாரேன்.

— லாரியாண்ணே?

— ஆமா, லாரிதான். கியர் விழ மாட்டேங்குதுன்னு ஆள் விட்டிருக்காக. என்ன அப்படிப் பாக்குற? கீரனூர் மெக்கானிக்குக்கு அங்கிட்டு வேலை வராதா?

— வரும்ணே. ரெண்டு வியாழக்கெழமைக்கு முன்னாடி நானே அந்த டாக்டரைத் தேடிப் போயிருந்தேன். உள்ள போகப் பயந்துக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கமே ஒரு மணி நேரம் நின்னேன். அப்ப நீங்க வெளிய வந்தீங்க. மாத்திரைப் பொட்டலத்தைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, சைக்கிள்ல ஏறி, விசிலடிச்சுக்கிட்டே போனீங்க. டீக்கடையில அவரு யாருன்னு மட்டும் கேட்டேன், கீரனூர்ல மோட்டார் ரிப்பேர் பாக்குற அருள்சாமின்னாங்க. அதான் அண்ணே, வண்டியத் தூக்கிக்கிட்டு ஒங்ககிட்ட வந்தேன்.