ஜாடிக்காரருக்கு ஆயுள் கொடுத்த காசு

பச்சை படிந்த வெண்கலத்தில் பழைய மன்னரைக் கண்டெடுத்தவரே, பருப்பளவுக் காசுக்கும் ஊரும் ஆண்டும் உரைத்தவரே, பீர் ஸல்மா அருங்காட்சியகத்தின் காசு அறையைக் கட்டி ஆண்ட அம்மணி, எங்கள் லல்லா ஸக்கியா அவர்களே, பணி நிறைவு பெறும் உங்களுக்கு எங்கள் அன்பும் ஸலாமும்!

நீங்கள் அந்த அறைக்கு வந்தபோது எங்களில் பலருக்கு மீசை கறுப்பு. கடைசிக் கால ரோமக் காசு என்றாலே முகம் சுளிப்போம். தேய்ந்தது, உடைந்தது, எழுத்துப் போனது, மூட்டையாய் வருவது. நீங்களோ விளக்கைச் சாய்த்துவைத்து, காசின் முகத்தை விட்டு முதுகைப் பார்ப்பீர்கள். வீழ்ந்த குதிரைவீரனைக் குத்தும் ஈட்டியா, கோட்டை வாசலா, சிறகு விரித்த வெற்றித் தேவதையா என்று நிழலை வைத்தே பிடித்துவிடுவீர்கள். அமிலம் ஊற்றித் தேய்க்கலாம் என்றவர் உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மீனவர் ஹாதி பெருமையாய் நீட்டியதைப் பார்த்து, "இந்த ராஜா சோடா பாட்டில் மூடியில இருந்து இறங்கி வந்தவருப்பா" என்றீர்கள். அவரும் சிரித்து, தேநீர் குடித்துவிட்டுத்தான் போனார்.

ஆனால் உங்களை நாங்கள் முழுதாய் அறிந்தது, மூதாட்டி மப்ரூக்காவின் ஒலிவத் தோப்பில் கிடைத்த ஜாடியால். ரோமரிடமிருந்து நாட்டைப் பறித்த வாண்டல் படை ஊருக்குள் புகுந்த இரவில் ஒருவர் அந்தக் காசு ஜாடியைப் புதைத்தார், விடிவதற்குள் வெட்டுப்பட்டுச் செத்தார் என்று ஊரே சொன்னது. ஜாடியில் இருந்ததெல்லாம் அந்த இரவுக்கு முந்தைய ரோமக் காசுதான் என்ற உங்கள் கணிப்பும் ஒத்துவந்தது. நகராட்சி புதுக்கூடம் கட்டி, 'கடைசி இரவு' என்று பலகையும் மாட்டியது. திறப்பு விழாவுக்கு முந்தைய நாள், தேய்ந்த ரோமத் தேவதை என்று நீங்களே தீர்மானித்திருந்த ஒரு ஜாடிக் காசை மறுபடி எடுத்தீர்கள். அது ரோமக் காசே இல்லை. ரோமத் தேவதையைப் பார்த்து நகலெடுத்து, அந்த இரவுக்கு ஒரு தலைமுறை கழித்து, வாண்டல் ஆட்சியில் அடித்த காசு.

நகராட்சித் தலைவர் முன்ஸிஃப் கெஞ்சினார். "ஒரே ஒரு காசு, லல்லா. நகத்தளவுகூட இல்ல. தனியா எடுத்து வச்சிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே, முன்ஸிஃப். பலகையைக் கழட்டிடுப்பா."

மறுநாள் நிறைந்த சபையில் எழுந்து, "நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்" என்று சொல்லி, காசையும் காட்டினீர்கள். ஊர்ப் பெருமை ஒரே நாளில் போயிற்று என்று ஒருவரும் தட்டைத் தொடவில்லை. விருந்துக்கு வைத்த ஆட்டுக்கறிக் கூஸ்கூஸ் ஆறிக்கொண்டிருந்தது. மப்ரூக்காதான் வாய் திறந்தார்.

"அப்போ ஜாடிக்காரர் அந்த ராத்திரி சாகலையா?"

"சாகலம்மா. வாண்டல் ஆட்சியிலயும் உயிரோட இருந்து, காசு சேர்த்திருக்கார்."

"அல்ஹம்துலில்லாஹ். என் தோப்புல ஒரு உயிர் துடிச்சுப் போச்சேன்னு இத்தனை நாளா சோறு இறங்கல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் தட்டை அவர்தான் எடுத்தார்.

நாளை அந்த அறையில் விளக்கு எரியும், உங்கள் திட்டு இருக்காது. ஊரே கூடிக் கொன்றுவிட்ட ஒருவருக்கு மிச்ச ஆயுளைத் திருப்பித் தந்த உங்களுக்கு, இறைவன் அதைவிட நீண்ட ஆயுளைத் தரட்டும்.

என்றும் உங்கள் திட்டுக்கு ஏங்கும்,
அருங்காட்சியகப் பணியாளர்கள், பீர் ஸல்மா